சிங்கப்பூரில் எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம்தானே, அப்புறம் ஏன் வசதியில்லாத பிள்ளைகள் பின்தங்குகிறார்கள்?

வித்தியாசம் பள்ளி விட்ட பிறகுதான் தொடங்குகிறது. நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பையன் ஈரறை வாடகை வீட்டில் இருக்கிறான். தம்பி தூங்கிய பிறகுதான் சாப்பாட்டு மேசை அவனுக்குக் கிடைக்கும். வாரம் மூன்று டியூஷன் போகிற பிள்ளையோடு சேர்ந்துதான் அவனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறான்.

பள்ளிக் கட்டண உதவியும், 1991இல் தொடங்கிய சிண்டா என்ற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் துணைப்பாட வகுப்புகளும் நிஜமாகவே கைகொடுக்கின்றன. ஆனால் என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் 2024இல் வந்தது. உயர்நிலை 1இல் சேருகிறவர்களை அந்தத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து விரைவுநிலை, வழக்கநிலை என்று பிரிப்பது இப்போது இல்லை. கணிதத்தை மிகக் கடினமான ஜி3 நிலையிலும், ஆங்கிலத்தை அதைவிட எளிய ஜி2 நிலையிலும் படிக்கலாம். கணக்கில் கெட்டிக்காரன் ஆங்கிலத்தில் தடுமாறினால், 12 வயதிலேயே அவனுக்கு முத்திரை குத்துவது என்ன நியாயம்?