நிலத்துக்கு ஆள் பார்க்கும் முன் மூன்று ரிப்போர்ட்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பண்ருட்டி பக்கம் முந்திரி, பலா வைத்திருக்கிறோம். இரைப்பைப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். ஜிப்மரில் கீமோ தொடங்கலாம் என்றார்கள். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம், கீமோவோடு இம்யூனோதெரபியும் சேர்த்தால் நல்லது, லட்சக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஒரு ஏக்கரை விற்றுவிடலாமா? அப்பாவுக்கு விஷயம் தெரியாது, அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

பதில்: நிலத்துக்கு ஆள் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், ஆனால் கீமோவை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். பணம் புரட்டுகிறேன் என்று ஒரு மாதம் அலைந்துவிட்டு வரும்போது நோயாளி சாப்பிட முடியாமல் இளைத்து, எந்த மருந்தையும் தாங்காத நிலைக்கு வந்துவிடுவார். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். கீமோவைத் தொடங்கிவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் அடுத்த சுற்றில் இம்யூனோதெரபியைச் சேர்ப்பது நடைமுறையில் இருப்பதுதான்.

என்ன ரிப்போர்ட்? எண்டாஸ்கோபியில் எடுத்த சதைத் துண்டில் ஹெர்-2 (புற்று அணுக்களை வளரத் தூண்டும் ஒரு புரதம்), பி.டி.எல்-1 (இதைக் கீழே சொல்கிறேன்), எம்.எஸ்.ஐ (மரபணுப் பிழைகளைத் திருத்தும் வேலை புற்று அணுக்களில் கெட்டிருக்கிறதா என்பது) என்று மூன்று பரிசோதனை செய்ய வேண்டும். நீங்கள் அனுப்பிய காகிதங்களில் ‘அடினோகார்சினோமா’ (சுரப்பி அணுக்களில் வரும் புற்றுநோய்) என்பதோடு நிற்கிறது, இந்த மூன்றும் இல்லை. துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி, அதான் பிளாக், பயாப்சி எடுத்த இடத்திலேயே இருக்கும். கேட்டு வாங்கலாம், மறுபடி எண்டாஸ்கோபி பெரும்பாலும் தேவைப்படாது.

புற்றுநோய் அணுக்களில் சில, பி.டி.எல்-1 என்ற புரதத்தைக் காட்டி நம் எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கின்றன. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் அந்தப் பிடியை விடுவிக்கின்றன. ஹெர்-2 இல்லாதவர்களிடம் நிவோலுமாபைக் கீமோவோடு சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பி.டி.எல்-1 மதிப்பெண் (சி.பி.எஸ் என்று எழுதியிருப்பார்கள்) 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் பாதிப் பேர், கீமோ மட்டும் என்றால் 11.1 மாதம் தாண்டினார்கள், இரண்டும் சேர்ந்தபோது 14.4 மாதம். மூன்று மாதம்தானா என்று உங்களுக்கு மனசு விட்டுப்போகலாம். ஆனால் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கீமோ மட்டும் போட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர், சேர்த்துப் போட்டவர்களில் இருபத்தொரு பேர். அப்பா அந்தப் பதினோரு பேரில் ஒருவராக இருப்பாரா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘போட்டால் குணமாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சி.பி.எஸ் ஒன்றுக்கும் கீழே என்றால் நான் விற்க வேண்டாம் என்றே சொல்வேன். 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆலோசனைக் குழுவே அந்தப் பிரிவினருக்குப் பலன் போதாது என்று பெரும்பான்மையாக வாக்களித்தது. எம்.எஸ்.ஐ ‘ஹை’ என்று வந்தால் கதையே வேறு, அந்த நிவோலுமாப் ஆய்வில் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் அப்படி இருந்தது, ஆனால் அவர்களில் இரண்டும் சேர்த்துப் போட்டவர்களில் பாதிப் பேர் மூன்று வருடத்தைத் தாண்டினார்கள். அப்போது எப்பாடுபட்டாவது போடுங்கள். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் சேர வேண்டும், அதற்கு நம் நாட்டிலேயே தயாராகும் விலை குறைந்த வகைகள் உண்டு.

அப்புறம் பக்கவிளைவு. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறின சில நாட்களுக்குக் குளிர்ச்சியே ஆகாது. ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும், ஃப்ரிட்ஜில் கை விட்டால் விரல் சுரீரென்று இழுக்கும். ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டிலிருந்து ஊர் திரும்பும்போது ஏசி பஸ் வேண்டாம். இம்யூனோதெரபியில் நான் பயப்படுவது வயிற்றுப்போக்குக்குத்தான். கீமோ மாத்திரையாலும் போகும், கிளப்பிவிட்ட எதிர்ப்பு அணுக்கள் குடலைத் தாக்கினாலும் போகும். இரண்டாவதற்கு ஸ்டீராய்டு வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு அடக்கிவிட்டால் உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாகப் போனாலோ, புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தாலோ அன்றைக்கே போன் செய்யுங்கள். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட இது வரும். எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடலையே தாக்கும் முடக்குவாதம் போன்ற நோய் முன்பே இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் கவனித்துச் சொல்ல வேண்டியவர் அப்பாதான். அல்சர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், நாலு தடவை போனதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். தவிர, நிலம் அவருடையது. விற்கவா வேண்டாமா என்று நீங்களும் அண்ணனும் அவர் முதுகுக்குப் பின்னால் பேசுவது பாசத்தில்தான் என்று எனக்குப் புரிகிறது, ஆனாலும் அது சரியில்லை. ஒரேயடியாகப் போட்டு உடைக்க வேண்டாம், ‘உங்களுக்கு என்ன என்று தெரிந்துகொள்ள விருப்பமா?’ என்று அவரிடமே கேளுங்கள். ஆமாம் என்றால், சொல்வதற்கு உங்கள் டாக்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். நிலத்தைப் பற்றி அவர் என்ன சொல்கிறாரோ, அதன்படி செய்யுங்கள்.