எந்த வேப் என்று சொல்லியிருக்க வேண்டும்

அன்புள்ள சார்,

2019-ல் அமெரிக்காவில் வேப்பிங் செய்த, அதாவது இ-சிகரெட் போன்ற கருவியில் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுத்த இளைஞர்களுக்கு வந்த நுரையீரல் நோயைப் பற்றிப் போன வாரம் ஒரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். காரணம் கஞ்சா எண்ணெய் வேப் என்று தெரிந்த பிறகும், நிகோடின் வேப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்லி நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி மக்களை எச்சரித்த விதம் சரியில்லை என்று அதில் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் சிகாகோவுக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். அந்த வருஷம் என் மூத்த மகன் ஹைஸ்கூலில் இருந்தான். செப்டம்பரில் பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் வந்தது. வேப்பிங் உயிரைக் குடிக்கும், பிள்ளைகளிடம் பேசுங்கள் என்று எழுதியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவனிடம் பேசினேன். பயந்தான். ஒரு அம்மாவுக்கு அது போதும். காரணம் தெரியாதபோது எல்லாவற்றையும் நிறுத்து என்று சொல்வதில் என்ன தப்பு? பத்துப் பேர் அநாவசியமாகப் பயந்தாலும் ஒருவன் பிழைத்தால் நல்லதுதானே? நோய் வந்தவர்களில் நிகோடின் மட்டும் பிடித்தவர்களும் உண்டு என்று சிடிசியே சொல்லியிருக்கிறது. இந்தியாவும் அதே மாதம்தான் இ-சிகரெட்டைத் தடை செய்தது.

இப்போது என் இளைய மகனுக்குப் பதினைந்து வயது. உங்கள் குறிப்பைக் காட்டி, "அப்போ நிகோடின் வேப் பரவாயில்லையா?" என்று அவன் கேட்டால் நான் என்ன சொல்ல?

(என் பெயரைப் போட வேண்டாம்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு நிகோடின் எந்த வடிவத்திலும் வேண்டாம். 2019-ல் அமெரிக்க ஹைஸ்கூல் மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் முந்தைய முப்பது நாளுக்குள் வேப் பிடித்ததாகச் சொன்னார்கள். நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு மேல். அதைப் பார்த்து யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அது வேறு பிரச்சினை. அந்தக் கோடைகாலத்தில் நன்றாக இருந்த பிள்ளைகள் திடீரென்று மூச்சுத் திணறி வென்டிலேட்டரில் கிடந்தார்களே, அது வேறு பிரச்சினை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால் நான் யாரைக் குறை சொல்கிறேன், யாரைச் சொல்லவில்லை என்பது புரியும்.

தொடக்கம் உங்கள் ஊருக்கு வடக்கே, மில்வாக்கியில். குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒருவர் பின் ஒருவராக டீன்ஏஜ் பிள்ளைகள் வந்தார்கள். இருமல், மூச்சுவாங்கல், காய்ச்சல், வாந்தி, எடை குறைவு. பார்த்தால் நிமோனியா மாதிரி இருந்தது. ஆனால் கிருமிக்காக எடுத்த சோதனை எதிலும் ஒன்றும் சிக்கவில்லை, ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. விசாரித்துப் பார்த்ததில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது வேப் ஒன்றுதான். 2019 ஜூலை 25 அன்று விஸ்கான்சின் சுகாதாரத் துறை எட்டுப் பிள்ளைகளைப் பற்றி அறிவித்தது. ஆகஸ்ட் 17-ல் சிடிசி பேசியபோது 14 மாநிலங்களில் 94 பேர் சந்தேகப் பட்டியலில் இருந்தார்கள். ஆகஸ்ட் 23-ல் முதல் மரணம் அறிவிக்கப்பட்டது, உங்கள் இல்லினாய்ஸில்.

இதுவரை நடந்த எதிலும் எனக்குக் குறை இல்லை. அந்த மருத்துவர்கள் எட்டே பேரை வைத்துக்கொண்டு இது புதுசு என்று கண்டுபிடித்ததை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எது காரணம் என்று தெரியாத அந்த ஆகஸ்டில் எல்லா வேப்பையும் தள்ளி வையுங்கள் என்று சொன்னதும் நியாயம்தான். அதில் நீங்களும் நானும் ஒரே பக்கம்.

செப்டம்பருக்கு வாருங்கள். செப்டம்பர் 5 அன்று நியூயார்க் மாநில சுகாதாரத் துறை ஒரு பொருளின் பெயரைச் சொன்னது: வைட்டமின் ஈ அசிடேட். நோயாளிகளிடமிருந்து வாங்கிச் சோதித்த கஞ்சா எண்ணெய்க் கார்ட்ரிட்ஜ்கள், அதாவது வேப்பில் மாட்டும் சிறு குப்பிகள், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அது ஏகப்பட்ட அளவில் இருந்தது. மறுநாளே இல்லினாய்ஸ், விஸ்கான்சின் நோயாளிகள் 53 பேரைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. விவரமாகக் கேட்க முடிந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் டிஎச்சி, அதாவது கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த வேப் பிடித்தவர்கள். அந்த மாதக் கடைசியில் இதே இரண்டு மாநிலங்களில் 86 பேரைப் பேட்டி எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே பெயரைச் சொன்னார்கள்: டேங்க் வேப்ஸ். அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. காலி அட்டைப்பெட்டியும் காலி கார்ட்ரிட்ஜும் ஆன்லைனில் கிடைக்கும். யார் வேண்டுமானாலும் வாங்கி, எதை வேண்டுமானாலும் நிரப்பி விற்கலாம். உங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், கெனோஷா வட்டாரத்தில் ஒரு வீட்டில் இப்படி நிரப்பி வைத்த முப்பதாயிரத்துக்கும் மேலான கார்ட்ரிட்ஜ்களை அந்தச் சமயத்தில்தான் போலீஸ் பிடித்தது.

ஏன் வைட்டமின் ஈ அசிடேட்? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. நல்ல கஞ்சா எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். விலையும் அதிகம். வாங்குகிறவர்கள் கார்ட்ரிட்ஜைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி மெதுவாக நகர்ந்தால் நல்ல சரக்கு, சட்டென்று மேலே ஏறினால் கலப்படம். வைட்டமின் ஈ அசிடேட்டும் அதே நிறம், அதே கெட்டி, மணமும் பெரிதாகக் கிடையாது, விலை மலிவு. கலந்தால் குமிழி மெதுவாகத்தான் நகரும், யாருக்கும் தெரியாது. மாத்திரையாக விழுங்கினாலோ க்ரீமாகத் தோலில் தடவினாலோ அது ஒன்றும் செய்வதில்லை. சூடாக்கி நுரையீரலுக்குள் இழுப்பது வேறு கதை. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து சுருங்க ஒரு மெல்லிய படலம் உதவுகிறது. இந்த எண்ணெய் அதைக் கெடுக்கலாம் என்றும், சூட்டில் கீட்டீன் என்ற நச்சுவாயுவாகவும் மாறலாம் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மினசோட்டாவில் போலீஸ் பிடித்த சரக்கைச் சோதித்தபோது 2018-ல் பிடித்த 10 கார்ட்ரிட்ஜ்களில் ஒன்றிலும் இது இல்லை. 2019-ல் பிடித்தவற்றில் சோதித்த 20-லும் இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் விற்கும் நிகோடின் திரவம் ப்ரொபிலீன் கிளைக்காலும் கிளிசரினும் கலந்தது. எண்ணெயான வைட்டமின் ஈ அசிடேட் அதில் சரியாகக் கரையாது. கலக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை.

நம்மூரில் கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்து ஆட்கள் செத்துப்போகிறார்கள். அப்போது அரசு வெளியே வந்து "பானங்களைக் குடிக்காதீர்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? சாராயம் குடிப்பவனுக்கு அது தன்னைச் சொன்னதாகவே தோன்றாது. டீக்கடையில் நிற்பவர்தான் பயந்துபோவார்.

அமெரிக்காவில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. சிடிசி டிஎச்சி பற்றிச் சொல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தெருவில் வாங்காதீர்கள் என்று ஆகஸ்ட் 30 அறிக்கையிலேயே இருந்தது. சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு மாறியவர்கள் மறுபடி சிகரெட்டுக்குப் போகாதீர்கள் என்றும் சொன்னார்கள். ஆனால் தலைப்பிலும் முதல் வரியிலும் நின்றது "இ-சிகரெட், வேப்பிங்" என்ற பொதுச்சொல். மக்கள் படிப்பது முதல் வரியைத்தான். செப்டம்பர் 27-ல் கூட, இ-சிகரெட் எதையும் பயன்படுத்தாதீர்கள், குறிப்பாக டிஎச்சி உள்ளவற்றை என்றுதான் வாக்கியம் அமைந்தது. உயிர் போகிற விஷயம் அந்தக் "குறிப்பாக"வுக்குப் பின்னால் போய்விட்டது. அக்டோபர் 11-ல் நோய்க்கு நிரந்தரப் பெயர் வைத்தார்கள், இவாலி என்று. விரித்தால் இ-சிகரெட் அல்லது வேப்பிங் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய நுரையீரல் பாதிப்பு. கஞ்சா எண்ணெய் என்ற சொல்லே அதில் இல்லை. பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அறிக்கைகள் மாறினாலும் பெயர் மாறாது. 2021-ல் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து பெயரை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். மாறவில்லை.

நவம்பர் 8-ல் சிடிசியே உறுதியான ஆதாரத்தை வைத்தது. 10 மாநிலங்களைச் சேர்ந்த 29 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தால் 29 பேரிடமும் வைட்டமின் ஈ அசிடேட். டிசம்பரில் எண்ணிக்கை 51 ஆனது, அதில் 48 பேரிடம் இருந்தது. ஆரோக்கியமாக இருந்த 99 பேரைச் சோதித்ததில் ஒருவரிடமும் இல்லை. இப்படி ஒரு முடிவு ஆராய்ச்சியில் லேசில் கிடைக்காது. ஆனாலும் எல்லா வேப்பையும் தவிர்க்கச் சொன்ன பொது அறிவுரையை விலக்கிக்கொள்ள 2020 ஜனவரி 17 வரை ஆனது. நோயோ செப்டம்பரிலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது.

நிகோடின் மட்டும் பிடித்தவர்களும் இருந்தார்களே என்கிறீர்கள். சரியான கேள்வி. விவரம் தெரிந்த நோயாளிகளில் 14 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். சொன்னார்கள் என்பதுதான் விஷயம். கஞ்சா சட்டவிரோதமான ஒரு மாநிலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பக்கத்தில் அம்மா அப்பா நிற்கும்போது பதினேழு வயதுப் பையன் என்ன சொல்வான்? நான் மேலே சொன்ன 51 பேர் ஆய்வில், தகவல் கிடைத்த 50 பேரில் 47 பேர் டிஎச்சி பிடித்ததாகச் சொன்னார்கள், அல்லது அவர்கள் நுரையீரலிலேயே அது தென்பட்டது. வேறு பொருளுக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது என்று சிடிசி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறிய சந்தேகத்தை முன்னால் நிறுத்தி, பெரிய உண்மையைப் பின்னால் தள்ளியிருக்கக் கூடாது.

பத்துப் பேர் அநாவசியமாகப் பயந்தால் என்ன என்று கேட்டீர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் என் அண்ணன். லண்டனில் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார். முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவர், வேப்புக்கு மாறித்தான் அதை விட்டார். 2019 செப்டம்பரில் அமெரிக்கச் செய்திகளை டிவியில் பார்த்துவிட்டு வேப்பைக் குப்பையில் போட்டார். இரண்டாம் நாள் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கிவிட்டார். எனக்கு ஃபோன் பண்ணி, "தெரிஞ்ச பேய் பரவாயில்லடா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சிகரெட்டை விடுவதற்கு உதவும் மையத்தில் இருந்த ஒரு நர்ஸ் அம்மாதான் அவரை உட்காரவைத்து, அமெரிக்காவில் நடப்பது கஞ்சா எண்ணெய் விஷயம், இங்கே நிகோடின் திரவத்தில் வைட்டமின் சேர்க்கவே சட்டத்தில் இடமில்லை என்று விளக்கினார். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பும் தங்கள் அறிவுரை மாறவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டது. அண்ணன் தப்பித்தார். அப்படி ஒரு நர்ஸ் கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ.

அதைவிடப் பெரிய கவலை, நீங்கள் சொன்ன அந்த ஒருவனைப் பற்றியது. அவன் உண்மையிலேயே பிழைத்தானா? நண்பனிடம் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவன் அதை இ-சிகரெட் என்றே நினைப்பதில்லை. பழம், புதினா வாசனைகளுக்குத் தடை, ஜூல் என்ற நிகோடின் வேப் கம்பெனியைத் திட்டித் தலைப்புச் செய்தி என்று கேட்டால், இது நிகோடின்காரர்கள் பாடு என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவான். மாசசூசெட்ஸ் செப்டம்பர் 24-ல் எல்லா வேப் விற்பனையையும் நான்கு மாதத்துக்கு நிறுத்தியது. கடைகள் மூடின. வீட்டில் நிரப்பி விற்றவனுக்குக் கடையே கிடையாதே, எதை மூடுவது? 2020 பிப்ரவரியில் கணக்கு எடுப்பதை நிறுத்தியபோது ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேர். அதில் 68 பேர் இறந்துபோனார்கள். நோயாளிகளில் பாதிக்குமேல் 25 வயது ஆகாதவர்கள். எச்சரிக்கையால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. நோய் குறைந்ததில் அதற்கும் பங்கு உண்டு. முதல் வரியிலேயே "கஞ்சா எண்ணெய்க் கார்ட்ரிட்ஜ்" என்று செப்டம்பர் முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் அந்த 68-ல் சிலர் இன்று இருந்திருப்பார்கள் என்று நான் மனதார நம்புகிறேன்.

இந்தியாவைப் பற்றி ஒரு வார்த்தை. தடைச் சட்டத்துக்கான அவசர ஆணை 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அமைச்சரவையில் முடிவானது உண்மை. ஆனால் அது இந்த நோயைப் பார்த்து முளைத்ததில்லை. முழுத் தடை வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அந்த ஆண்டு மே மாதமே எழுதிவிட்டது. தமிழ்நாடு 2018-லேயே தடை செய்துவிட்டது. அந்தத் தடை சரியா என்பது தனி விவாதம், இன்னொரு நாள் பேசலாம்.

அந்தப் பள்ளிக் கடிதம் உங்களிடம் இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் என்ற சொல்லோ, கஞ்சா என்ற சொல்லோ அதில் எங்காவது வருகிறதா? நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இளைய மகனிடம் பேசும்போது நிகோடின் வேண்டாம் என்று ஒரு நாள் சொல்லுங்கள். இன்னொரு நாள், தனியாக, யார் நீட்டினாலும் எண்ணெய்க் கார்ட்ரிட்ஜைத் தொடாதே, உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுப்பவனுக்கே தெரியாது என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். என்றைக்காவது அவனோ அவன் நண்பனோ இருமலும் மூச்சுவாங்கலும் வாந்தியுமாகப் படுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். டாக்டர் கேள்வி கேட்கத் தொடங்கியதும் நீங்களாகவே எழுந்து வெளியே போய் உட்காருங்கள். நீங்கள் அங்கே இருந்தால் அவன் உண்மையைச் சொல்லமாட்டான்.

அன்புடன்.