மறுப்பு எங்கே போயிற்று?

வணக்கம்.

கோவையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் இருக்கிறேன். ஒப்பந்தங்களை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றும் வேலை. அண்மையில் மாட்ரிட் வீடு ஒன்றின் வாடகை ஒப்பந்தம் வந்தது. குடியிருப்பவருக்கு 'ரைட் ஆஃப் ஃபர்ஸ்ட் ரெஃப்யூசல்', அதாவது சொல்லுக்குச் சொல் 'முதல் மறுப்பு உரிமை', உண்டு என்று அதில் ஒரு பிரிவு. 'தெரெச்சோ தெ ப்ரிமேர் ரெச்சாஸோ' என்று அப்படியே எழுதினேன் (ரெச்சாஸோ என்றால் மறுப்பு). சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு 'தெரெச்சோ தெ தாந்தேயோ' என்று போட்டிருக்கிறார். அகராதியைப் புரட்டினால் தாந்தேயோ என்பதற்கு ஆட்டத்தின் ஸ்கோர் என்றும் இருக்கிறது! மறுப்பு எங்கே போயிற்று?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நான் சரிபார்த்தவர் கட்சி. ஆனால் குழப்பத்தைத் தொடங்கிவைத்தது ஆங்கிலம்தான், நீங்கள் இல்லை.

வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார், வெளியாள் ஒருவர் விலை பேசிவிட்டார் என்று வையுங்கள். அதே விலைக்கு, அதே நிபந்தனைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்று குடியிருப்பவரை முதலில் கேட்டாக வேண்டும். அவர் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியாளுக்குக் கொடுக்கலாம். ஆக, குடியிருப்பவர் கையில் இருப்பது வாங்கும் உரிமை. ஒரு குதிரையின் 'ரெஃப்யூசல்' என்னிடம் இருக்கிறது என்று பழைய ஆங்கிலத்தில் சொன்னால், எடுக்கவோ தள்ளவோ முதல் வாய்ப்பு எனக்கு என்று அர்த்தம். இன்று நம் காதில் 'தள்ள' மட்டும் விழுகிறது. ரெச்சாஸோ அந்தப் பாதியைத்தான் சொல்கிறது.

ஸ்பானியர்கள் இதே ஏற்பாட்டை விலையின் பக்கமிருந்து பார்த்தார்கள். 'தாந்தோ' என்றால் அவ்வளவு. 'போர் எல் தாந்தோ' என்றால் அதே விலைக்கு. வெளியாள் எவ்வளவு தருகிறானோ அவ்வளவு நானும் தருகிறேன், எனக்குக் கொடு. ஆட்டத்தில் எடுக்கும் புள்ளியும் தாந்தோதான், ஸ்கோர் வந்த வழி அது. மெக்ஸிகோவில் இன்னும் பச்சையாக 'தெரெச்சோ தெல் தாந்தோ' என்கிறார்கள். அங்கே கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்பதானால் மற்ற பங்குதாரர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்களுக்கு 8 நாள் அவகாசம். பங்காளிகளோடு நிலம் வைத்திருக்கும் நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது.

ஸ்பெயினில் தாந்தேயோவுக்கு ஓர் இணைபிரியாத தம்பி உண்டு: 'ரெத்ராக்தோ'. விற்பனைக்கு முன்னால் தாந்தேயோ, விற்ற பிறகு ரெத்ராக்தோ. 1994 நகர்ப்புற வாடகைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இரண்டையும் குடியிருப்பவருக்குத் தருகிறது. விற்கப்போகும் செய்தியை விலையோடும் நிபந்தனைகளோடும் முறைப்படி அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவர் தாந்தேயோவைப் பயன்படுத்தலாம். அறிவிக்காமலோ, அறிவித்ததைவிடக் குறைந்த விலைக்கோ விற்றுவிட்டார்களா? சரி, வாங்கியவரிடமிருந்தே அதே விலைக்கு மீட்டுக்கொள்ளலாம். அறிவிப்பு கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டாமல் பத்திரத்தைப் பதியவும் முடியாது. ஆங்கில ஒப்பந்தத்தில் வெறும் வாக்குறுதியாக இருக்கும் ஒன்றுக்குப் பின்னால் இங்கே இத்தனை பலம். ரெச்சாஸோ என்று எழுதினால் மாட்ரிட் வக்கீலுக்கு இதில் எதுவும் நினைவுக்கு வராது.

அதற்காக எங்கு பார்த்தாலும் தாந்தேயோ போட்டுவிடாதீர்கள். கம்பெனிப் பங்குகள் பற்றிய ஒப்பந்தம் கொலம்பியாவுக்குப் போகிறதென்றால் 'தெரெச்சோ தெ ப்ரெஃபெரென்ஸியா', அதாவது முன்னுரிமை. எந்த நாட்டு நீதிமன்றம் படிக்கும் என்று தெரியாத காகிதமானால் 'தெரெச்சோ தெ அத்கிஸிஸியோன் ப்ரெஃபெரென்தே', அதாவது முன்னுரிமையாக வாங்கும் உரிமை, ஆபத்தில்லாதது. நானாக இருந்தால் முதலில் பார்ப்பது, ஆளும் சட்டம் எது என்று சொல்லும் பிரிவை. பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. தாந்தேயோவும் ரெத்ராக்தோவும் வேண்டாம் என்று குடியிருப்பவரே எழுதிக் கொடுக்கும் 'ரெனுன்ஸியா' பிரிவு ஸ்பெயின் வாடகை ஒப்பந்தங்களில் சாதாரணம், சட்டமும் அனுமதிக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தின் வேறொரு மூலையில் அதுவும் இருந்தால், உரிமை தரும் பிரிவோடு அது மோதும். நீங்களாகத் திருத்த வேண்டாம், குறிப்பு எழுதி அனுப்பிவிடுங்கள்.