வேம் போட்டும் விளைச்சல் கூடவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மிளகாய் நாற்றங்காலில் வேர் உட்பூசணம் (வேம்) இட்டேன். நடவு வயலில் டிஏபியும் தாராளமாகப் போட்டேன். பக்கத்து வயலுக்கும் எனதற்கும் வித்தியாசமே தெரியவில்லையே?

பெரும்பாலும் அந்த டிஏபிதான் காரணம். அது மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த உரம். வேம் என்பதோ வேருக்குள் வாழ்ந்து, மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுக்கும் பூசணம். மணிச்சத்து போதாதபோதுதான் வேர் பூசணத்தைக் கூப்பிடும். ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற ஹார்மோனை மண்ணில் கசியவிடும். அது துளியளவு பட்டாலே பூசண இழை கிளைகிளையாகப் பிரிந்து வேரை நோக்கி வளரும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் இதைக் கண்டறிந்தார்கள். மணிச்சத்து நிறைந்த மண்ணில் செடி இந்தக் கசிவைக் குறைத்துவிடும். சும்மாவா, பூசணத்துக்குச் சர்க்கரையும் கொழுப்பும் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டுமே!

மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் வேமுக்குச் செலவழிக்காதீர்கள். குறைவென்றால் நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்குக் கீழே 2–3 செ.மீ. ஆழத்தில் இடுங்கள். மேலே தூவினால் வேருக்கு எட்டாது.

சோளத்தில் வேரை உறிஞ்சும் களையான சுடுமல்லித் தொல்லை. வேம் இட்டால் அதுவும் கூடுமா?

நல்ல சந்தேகம். சுடுமல்லி விதை முளைப்பதும் இதே ஹார்மோனை மோப்பம் பிடித்துத்தான். சொல்லப்போனால், 1966-இல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தபோது, சுடுமல்லியை முளைக்கவைக்கும் பொருளாகத்தான் தெரிந்தது. பூசணத்தோடு உள்ள தொடர்பு பிறகே தெரியவந்தது.

ஆனால் வேமால் கூடாது. பூசணம் வேரில் குடியேறியபின் கசிவு குறைகிறது. ஆப்பிரிக்காவில் சோளத்தில் நடந்த சோதனைகளில் சுடுமல்லி குறையவே செய்தது. பயப்பட வேண்டியது பயிரைப் பட்டினி போடுவதற்குத்தான். சத்தில்லாத நிலத்தில் கசிவு கூடும், சுடுமல்லியும் கூடும். ஒரு பட்டம் பருத்தி வையுங்கள்: அதன் வேர் சுடுமல்லியை முளைக்கவைக்கும், ஆனால் ஒட்டி வளர இடம் தராது, முளைத்தது செத்துப்போகும். விதை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்பதால் ஒரே பட்டத்தில் ஒழியாது. பூக்குமுன் பிடுங்குவதையும் விடக்கூடாது.

ஜிப்ரலிக் அமிலம் (ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன்) பூசணத்தைக் கெடுக்குமா?

வேர் செல்லுக்குள் பூசணம் குட்டி மரம்போலக் கிளைக்கும். கொடுக்கல் வாங்கல் அங்கேதான். அதற்கு டெல்லா என்ற புரதங்கள் தேவை. ஜிப்ரலின் மிகுந்தால் அவை சிதைந்துவிடும். பட்டாணியிலும் நெல்லிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். திராட்சைக் குலையை இந்த அமிலத்தில் நனைப்பது வேறு விஷயம். வேம் இட்ட நாற்றின் வேரில் மட்டும் ஊற்றாதீர்கள்.

முட்டைக்கோஸுக்கு வேம்?

வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு, முள்ளங்கி இவற்றின் வேர் இந்தப் பூசணத்தை ஏற்பதில்லை, பீட்ரூட்டும் அப்படியே. அடுத்து மக்காச்சோளம் வைப்பதாக இருந்தால், அதற்கு இடுங்கள்.