அட்டன் – நுவரெலியா வீதியில் அருவியை மறைக்கும் விளம்பரப் பலகைகள்: யாரிடம் முறையிடுவது?

முதலில் பிரதேச சபையிடம். பலகை நகர எல்லைக்குள் இருந்தால் நகர சபை. விளம்பரப் பலகைக்கு அனுமதி கொடுத்துக் கட்டணம் வாங்குவது அவர்கள்தான். ஆனால் இது ஏ7 என்ற தேசிய பெருந்தெரு என்பதால், பலகை வீதிக்கான ஒதுக்கு நிலத்தில் நின்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பொறுப்பு. தேயிலை மலைக்குள் நின்றால் தோட்ட நிர்வாகத்தையும் கேட்க வேண்டிவரும்.

சரி, ஏன் எப்போதும் நல்ல காட்சி உள்ள வளைவிலேயே நடுகிறார்கள்? வளைவில் பஸ் மெதுவாகும், எல்லாக் கண்களும் வெளியே திரும்பும். தேயிலைச் சரிவில் உயர்ந்த மரமும் குறைவு, அதனால் பலகை தூரத்திலேயே தெரியும். நாம் டெவோன் அருவியையோ சென் கிளேயர் அருவியையோ பார்க்க நிற்கும் அதே இடம்தான் விளம்பரக்காரருக்கும் விலைமதிப்பானது. மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு சென் கிளேயரில் தண்ணீர் முன்புபோல விழுவதில்லை. மிச்சமிருப்பதையும் ஒரு பிஸ்கட் படம் மறைத்தால் எரிச்சல் வராதா?

போன மாதம் தலவாக்கலைக்குப் பக்கத்தில் பஸ் ஜன்னலால் படம் எடுத்தேன். அருவியின் மேல் பாதி தெரிந்தது, கீழ் பாதியில் பால்மா பக்கெட்.

முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். கிலோமீற்றர் கல்லின் எண், படம், பலகையில் உள்ள கம்பனியின் பெயர் மூன்றும் இருக்கட்டும். "அழகு கெடுகிறது" என்பதைவிட "வளைவில் எதிரே வரும் வாகனம் தெரியவில்லை" என்று எழுதினால் கோப்பு சீக்கிரம் நகரும், அது உண்மையாக இருந்தால் மட்டும். அப்புறம், அனுமதி இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்; 2016 இல் வந்த சட்டம் அது.