‘நாம்’, ‘நாங்கள்’ என்று தமிழில் இரண்டு எதற்கு?

ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் ஒரே சொல் போதுமே, நமக்கு ஏன் இரண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே ‘நமக்கு’ என்று எழுதி, என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டீர்கள். நம் பேச்சைக் கேட்பவரை உள்ளே வைத்தால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. இன்றைய கன்னடம் அதைத் தொலைத்துவிட்டது. இலங்கைத் தமிழர் பலர் பேச்சில் இரண்டுக்குமே ‘நாங்கள்’ என்பார்கள். அதனால் அவர்கள் நம்மை ஒதுக்குகிறார்கள் என்று சென்னைக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

இது வெறும் இலக்கணம் அல்ல. திருமணமான புதிதில் என் மனைவி ‘எங்கள் வீட்டில் ரசத்துக்குப் பருப்பு போட மாட்டோம்’ என்பாள். அந்த ‘எங்கள்’ அவளுடைய பிறந்த வீடு. நான் அதில் இல்லை. ‘நம் வீட்டில்’ என்ற சொல் எப்போது வந்தது என்று இருவருக்கும் நினைவில்லை. சண்டை வந்தால் மட்டும் பழைய ‘எங்கள்’ திரும்பி வரும்!

பக்தியில்தான் இது இன்னும் சுவையானது. ‘கடவுள் நம்மைக் காப்பார்’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம். அதே கடவுளிடம் நேரே பேசும்போது ‘எங்களைக் காப்பாற்று’ என்கிறோம். காப்பவரையே காக்கப்படுகிறவர்களோடு சேர்க்க முடியாதே. கிறிஸ்தவர்களின் செபமும் ‘எங்கள் பிதாவே’ என்றுதான் அழைக்கிறது. அங்கே ‘நம் பிதாவே’ என்றால், தந்தைக்கே இன்னொரு தந்தையைத் தேட வேண்டியிருக்கும்.