திறக்க மறுக்கும் ஆஞ்சியோ சிடி

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரருக்கு 2004-ல் கோவையில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருக்கத்துக்குப் பலூன் சிகிச்சை செய்தார்கள். இப்போது மேடு ஏறினால் மறுபடி மூச்சு வாங்குகிறது. புது டாக்டர் பழைய படங்களைக் கேட்கிறார். அன்றைக்குக் கொடுத்த ஆஞ்சியோ (எக்ஸ்ரே வீடியோ) சிடியை பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்த்த தம்பி, "இதில் படமே இல்லைக்கா" என்றான். ஆஸ்பத்திரியில் மூன்று வருஷத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லையாம். சிடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? எக்கோ (இதய ஸ்கேன்) தாளையாவது லேமினேட் செய்து வைக்கட்டுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி.

முப்பது வருஷம் எக்கோ அறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். "படமே இல்லை" என்று என்னிடம் வந்த சிடிகளில் பெரும்பாலானவற்றில் படம் இருந்தது. அந்தத் தம்பி போட்டோ, வீடியோ என்று தேடியிருப்பார். ஆஞ்சியோ சிடியில் டைகாம்டிர் (DICOMDIR) என்று ஒரு கோப்பும், புரியாத பெயர்களில் சில கோப்புகளும்தான் இருக்கும். அவைதான் படம். மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் என்ற பொது முறை 1993-லிருந்து இருக்கிறது. இன்றைய மென்பொருளும் அதைப் படிக்கும். வயதாகிப்போனது சிடியோடு சேர்த்துக் கொடுத்த மென்பொருள்தான். அது பழைய விண்டோஸுக்காக எழுதியது.

யூ.எஸ்.பி.யில் மாட்டும் சிடி டிரைவ் ஒன்றைப் பிடியுங்கள். முழு சிடியையும் பென் டிரைவுக்கு நகல் எடுங்கள். எந்தக் கோப்பின் பெயரையும் மாற்ற வேண்டாம். மைக்ரோடைகாம் போன்ற இலவச மென்பொருளில் திறந்தால் வால்வுக்குள் பலூன் விரிவது அசைந்து தெரியும். டாக்டரிடம் அந்த பென் டிரைவையே கொடுங்கள். நம் ஊர் ஈரத்தில் சிடி மங்கியிருந்தால், மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பெயர் எழுதும் பக்கத்தில் கீறல் விழாமல் பாருங்கள். பதிவு அந்தப் பூச்சுக்கு அடியிலேயேதான் இருக்கிறது.

எனக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் எக்கோவை வி.எச்.எஸ். கேசட்டில் பதிவோம். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு அலமாரியைத் திறந்தால் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. அதில் என் அம்மாவின் வால்வும் இருந்தது. கையில் மிஞ்சியது ரிப்போர்ட் தாள் மட்டும். அதிலிருந்த எண்களை வைத்துத்தான் மேற்கொண்டு வைத்தியம் நடந்தது.

அதனால் உங்களிடம் இருக்கும் எக்கோ தாளைத் தங்கமாகப் பாருங்கள். இயல்பான மைட்ரல் வால்வு 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்கும், 1.5-ம் அதற்குக் கீழும் என்றால் கடுமையான சுருக்கம். பலூன் செய்தபின் 1.8 இருந்து இன்று 1.2 என்றால், வால்வு மறுபடி சுருங்கியிருக்கிறது. அன்றைக்கே 1.3-தான் என்றால், அன்றே முழுதாக விரியவில்லை என்று அர்த்தம். டாக்டர் யோசிப்பது இரண்டுக்கும் வேறு வேறு. தாளில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் சூட்டில் அச்சாகும் காகிதம். லேமினேட் மெஷினில் விட்டால் கறுத்துப்போகும். நாளைக்கே இரண்டு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரி சொல்லும் மூன்று வருஷம், 2002 மருத்துவக் கவுன்சில் விதியில் இருப்பது. உள்நோயாளி ஆவணங்களைக் குறைந்தது அவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்குப் பிறகு அழித்தே தீர வேண்டும் என்பதல்ல. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. கவுன்டரில் வாயால் கேட்காமல், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குப் பழைய ஐ.பி. (உள்நோயாளி) எண், தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும், பலூன் சிகிச்சை செய்த கேத் லேப் அறையின் அலமாரியில் பழைய சிடி இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இது முடியும்வரை டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். புது எக்கோவை இந்த வாரமே எடுங்கள், பழைய படம் பின்னால் வந்து சேரட்டும்.